மே மாதத்தில் ஆறு பேர் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போக முடியுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஆறு பேர், மே 1 அன்று ஸ்ரீநகரில் கிளம்பி மே 30 அன்று கன்னியாகுமரி சேர வேண்டும், எந்த சைக்கிள் வாங்கலாம், தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினால் முடியும், வழியில் என்ன சாப்பிடலாம். கூடவே, போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஆறு பேரில் ஒருவர் உங்கள் சித்தப்பா, வயது 47, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இன்னும் இரண்டு பேர் ஒரே நாளில் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதே இல்லை. எனக்கு இந்த இரண்டு வரிதான் முக்கியமாகப் படுகிறது. சம பலம் இல்லாத ஆறு பேர், வட இந்தியக் கோடையை நடுவில் வைத்துக்கொண்டு, ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகவே போய்ச் சேர முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. முடியும். ஆனால் 30 நாளில் முடியாது. மே 1 அன்று கிளம்பும் திட்டத்தையும் மாற்றச் சொல்வேன்.

நான் பல வருடங்களாக நீண்ட தூர சைக்கிள் பயணங்களுக்குக் குழுக்களை அழைத்துப் போகிறேன். முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறேன். மருத்துவர் இல்லை. வெயிலில் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி உறுதியாகத் தெரிந்தது. எது என் அனுபவத்தில் மட்டும் பார்த்தது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். சித்தப்பா விஷயத்தை அவருடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக வெளியேற்றுபவை, சில இதயத் துடிப்பை அடக்கி வைப்பவை. இரண்டுமே வெயிலில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் விதத்தை மாற்றிவிடும். "சைக்கிள் ஓட்டலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் மருத்துவர் "தாராளமாக ஓட்டுங்கள்" என்பார். "40 டிகிரி வெயிலில், தினமும் ஆறு மணி நேரம், ஒரு மாதத்துக்கு மேல்" என்று முழுசாகச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.

முதலில் கணக்கு. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். முப்பது நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 123 வருகிறது. இதில் ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்தால் 140 தாண்டிவிடும். குளிர்காலத்தில் இது கடினம், ஆனால் பழகியவர்களால் முடியும். கோடையில் முடியாததற்குக் காரணம் கால் வலு இல்லை, கடிகாரம். ஆக்ராவுக்கும் ஹைதராபாத்துக்கும் நடுவில், கோடையின் உச்சத்தில், காலை பத்து மணிக்கு மேல் சாலையில் இருக்கக் கூடாது. விடிவதற்குச் சற்று முன் கிளம்பினால் ஐந்தரை மணி நேரம் கிடைக்கும். சுமையோடு, டீக்கு நின்று, பஞ்சர் ஒட்டி, ஆறு பேர் சேர்ந்து போனால் சராசரி வேகம் மணிக்கு 16, 17 கிலோமீட்டர்தான். ஆக, காலையில் 90. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் இருட்டுவதற்குள் இன்னொரு 15 அல்லது 20. அதற்கு மேல் கணக்கு போட்டால் அந்தக் கூடுதல் கிலோமீட்டர் எல்லாம் நடுப்பகல் வெயிலிலிருந்தோ இருட்டிலிருந்தோதான் வர வேண்டும். இரண்டிலுமே ஆபத்து. எனவே நாளுக்கு 105, வாரத்துக்கு ஒரு ஓய்வு, மலைப்பகுதிக்கு இரண்டு உதிரி நாள் என்று வையுங்கள். 42, 43 நாள் ஆகும். ஆறு பேருக்கும் அவ்வளவு லீவு கிடைக்காது என்றால் தூரத்தைக் குறையுங்கள், நாட்களைக் குறைக்காதீர்கள். ஸ்ரீநகர் முதல் டெல்லி வரை ஒரு வருடம், மீதியை அடுத்த குளிர்காலத்தில் என்று பிரித்துப் போவதும் நாடு கடந்த பயணம்தான்.

அடுத்து தேதி. மே 1 அன்று கிளம்பினால் மே 10 வாக்கில் குவாலியரிலும், மே 16 வாக்கில் நாக்பூரிலும் இருப்பீர்கள். நாக்பூரில் மே மாதப் பகல் வெப்பம் சாதாரணமாகவே 42, 43 டிகிரி. சமவெளியில் 45 தொட்டாலே இந்திய வானிலைத் துறை அதை வெப்ப அலை என்று அறிவிக்கும். அந்த வட்டாரத்தில் அது அபூர்வம் இல்லை. அங்கே இரவும் ஓய்வு தராது, விடியற்காலையில்கூட 28, 29 டிகிரி இருக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் கிளம்பினால் இதே நாக்பூரை மாதக் கடைசியில் கடந்துவிடலாம். அப்போதும் 40 இருக்கும், சுகமான வெயில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் இரண்டு மூன்று டிகிரியும், இரவில் அதே அளவும் குறைவது தூக்கத்தில் தெரியும். ஏப்ரலில் ஸ்ரீநகர் பக்கம் மழையும் குளிரும் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஏப்ரல் 20 அன்று ராம்பனில் பெய்த மழையில் மண் சரிந்து ஜம்மு சாலை நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. உதிரி நாள் இரண்டு கேட்டது இதற்காகத்தான்.

திசையைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். கோடையில் வடக்கிலிருந்து தெற்கு என்பதுதான் என் முடிவு. கன்னியாகுமரியிலிருந்து மே மாதம் கிளம்பினால், சரியாக வெயில் உச்சத்தில் இருக்கும்போது குவாலியர், ஆக்ரா, டெல்லிக்குள் நுழைவீர்கள். அந்தப் பக்கம் "லூ" என்று சொல்லும் அனல் காற்று மேற்கு, வடமேற்கிலிருந்து வீசும். வடக்கே போகிறவர்களுக்கு அது முகத்தில், தெற்கே வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பக்கவாட்டிலோ முதுகிலோ. தெற்கே வரவர பெங்களூரு பீடபூமியின் 900 மீட்டர் உயரமும் கோடை மழையும் கொஞ்சம் மூச்சு விட வைக்கும். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் தேதி வாக்கில்தான் கேரளத்தைத் தொடும் என்பதால், அதற்கு முன்பே நீங்கள் முடித்துவிடுவீர்கள்.

இப்போது வெயில். மிதிக்கும்போது தசை செலவழிக்கும் சக்தியில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கு உடம்புக்குள்ளேயே சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கும் முக்கியமான வழி, வியர்வை காய்வது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால், அதாவது 35 டிகிரிக்கு மேல் போனால், முகத்தில் அடிக்கும் காற்று குளிர்ச்சி தருவதற்குப் பதில் சூட்டை உள்ளே ஏற்றும். அதற்கப்புறம் வியர்வை ஒன்றுதான் துணை. இந்த வெயிலில் ஓட்டும்போது மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை சாதாரணம், சிலருக்கு ஒன்றரைகூடப் போகும். தமிழ்நாட்டுக்காரர்கள் ஏமாறும் இடம் இங்கேதான். சென்னையில் 36 டிகிரியில் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், வியர்ப்பது கண்ணுக்குத் தெரியும். நாக்பூரில் 42 டிகிரியில், காற்றில் ஈரமே இல்லாததால், வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும், தோளில் வெள்ளையாக உப்பு மட்டும் பூத்திருக்கும். "எனக்கு வியர்க்கவே இல்லை, தண்ணீர் வேண்டாம்" என்று சொல்கிறவர்தான் அன்று மத்தியானம் படுத்துக்கொள்வார்.

வெயிலுக்கு உடம்பைப் பழக்க முடியும், இதில் சந்தேகம் இல்லை. பத்து முதல் பதினான்கு நாள், தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சூட்டில் உழைத்தால் இரத்தத்தில் நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். உங்கள் பயணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர் உயரம், இதமான குளிர். அங்கிருந்து மூன்றே நாளில் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருக்கும் ஜம்முவுக்கு இறங்கிவிடுவீர்கள். வழியில் உடம்பு பழகுவதற்கு அவகாசமே கிடைக்காது. அதனால் ஊரிலேயே, மார்ச் மாதம் முழுவதும், பத்து மணி வெயிலில் கொஞ்ச நேரமாவது ஓட்டிவிட்டுப் போங்கள். பழகிய உடம்பு குளிரான இடத்தில் ஓரிரு வாரம் தாங்கும், அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடும். எனவே "முதலில் லடாக் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்கலாமா" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

யாருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்கு ஒரே விதி கிடையாது. ஊரில் பயிற்சியின்போது கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கும் ஆறு விதமான எண் வரும், அதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் தெரிந்துவைத்திருங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். வெயிலால் வந்தது என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். சைக்கிள் பாட்டில் பெரும்பாலும் முக்கால் லிட்டர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வழியெங்கும் தாபாக்களில் உப்புப் போட்ட மோர் கிடைக்கும், "சாச்" என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் மாங்காயைச் சுட்டுப் பிழிந்த "ஆம் பன்னா" கிடைத்தால் விடாதீர்கள். வெட்டி வைத்த பழம், தெருவோர ஐஸ் இரண்டும் வேண்டாம். வெயிலை விட வயிற்றுப்போக்கால் பாதியில் திரும்பியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு வயிறு கெட்டால் அன்றைக்கு எல்லாருக்கும் ஓய்வு நாள்.

வெப்ப பாதிப்பு பற்றிச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியே ஆக வேண்டும். "வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்பார்கள். உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் நன்றாக வியர்த்துக்கொண்டே இருக்கலாம். அடையாளம் மூளையில் தெரியும்: பேச்சு குழறுவது, தள்ளாடுவது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பது, காரணமே இல்லாத கோபம். அப்படி ஒருவரைப் பார்த்தால் முதலில் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதற்கு அடுத்துதான். நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். பக்கத்தில் வயல் பம்புசெட் தொட்டி இருந்தால், தலையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, கழுத்து வரை உள்ளே இறக்குங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108 அல்லது 112 அழைக்கட்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. முழங்கால் வலிக்கு என்று இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகளைத் தினமும் போட்டுக்கொண்டு வெயிலில் ஓட்டுவது சிறுநீரகத்துக்கு ஆகாது. அந்த வலிக்குச் சீட்டின் உயரத்தைச் சரிபார்ப்பதுதான் முதல் மருந்து. இதெல்லாம் ஒருவருக்கு வருமா வராதா என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. நல்ல பலசாலிக்கும் வரும், முந்தின இரவு தூங்காதவருக்கும் காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கும் இன்னும் சுலபமாக வரும்.

இங்கிருந்து குழு விஷயத்துக்கு வருகிறேன், நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். தனியாகப் போகிறவர் களைத்தால் நின்றுவிடுவார். குழுவில் போகிறவர் நிற்க மாட்டார், ஏனென்றால் மற்ற ஐந்து பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள். 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாத உங்கள் நண்பர்கள் இருவரும் முதல் வாரம் முழுக்க "பரவாயில்லை, போகலாம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்பே, ஊரில் உட்கார்ந்து, ஒரு விதியை எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும்: யார் ஒருவர் "நிற்கலாம்" என்று சொன்னாலும் அடுத்த நிழலில் ஆறு பேரும் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. தொடர்வதற்கு ஆறு பேர் சம்மதம் வேண்டும், நிறுத்துவதற்கு ஒரு குரல் போதும். வெயிலில் நின்றுகொண்டு இந்த விதியை உருவாக்க முடியாது. அங்கே எல்லாருக்கும் எரிச்சல் இருக்கும். எரிச்சல்தான் வெயில் ஏறுகிறது என்பதற்கு முதல் அறிகுறி என்பது என் அனுபவம். பதினொரு மணிக்கு இரண்டு பேர் வழி விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டால், யார் சொல்வது சரி என்று பார்க்காதீர்கள், இரண்டு பேரையும் நிழலுக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுங்கள். அரை மணி நேரத்தில் பாதிச் சண்டை காணாமல் போகும்.

வேகத்தை மெதுவாக ஓட்டுகிறவர் தீர்மானிக்கட்டும். அவரை முன்னால் விடுவதை விட இரண்டாவது இடத்தில் விடுங்கள், முன்னால் போகிறவர் அவருடைய மூச்சைக் கேட்டு வேகத்தைச் சரிசெய்துகொள்ளலாம். குழுவிலேயே பலமானவர் கடைசியில் வரட்டும், பம்பும் பஞ்சர் சாமானும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்கட்டும். இருபது கிலோமீட்டருக்கு ஒரு சந்திப்பு இடம். கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, அவரும் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். முன்னால் வந்தவர்கள் கால் மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு, கடைசி ஆள் வந்ததும் "சரி, போகலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. ஒருவர் பின் ஒருவர் ஒட்டிப் போனால் பின்னால் வருகிறவருக்குக் காற்றுத் தடை குறையும் என்பது உண்மை. ஆனால் சுமையோடு, 17 கிலோமீட்டர் வேகத்தில் அந்த லாபம் சொற்பம். முன்னால் இருக்கும் பள்ளம் தெரியாது, சக்கரம் உரசி விழுந்தால் வலப்பக்கம் லாரி வந்துகொண்டிருக்கும். குறைந்தது இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு, வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம், ஒற்றை வரிசையில் போங்கள்.

கோடையில் ஆறு பேருக்கு ஒரு துணை வண்டி வேண்டும் என்பேன். சொந்தச் சுமையைச் சுமந்து போவதில் இருக்கும் பெருமையை நான் மதிக்கிறேன், ஆனால் உங்கள் குழுவின் நிலைக்கு அது வேண்டாம். ஒரு சின்ன வேன், ஒரு ஓட்டுநர், இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஒரு ஐஸ் பெட்டி. வண்டி உங்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வரக் கூடாது. நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகும் வண்டியின் மேல்தான் பின்னால் வருகிறவன் மோதுவான். முன்னால் இருபது கிலோமீட்டர் போய், சாலையை விட்டு இறங்கி, நிழலில் நிற்கட்டும். ஓட்டுநருக்குத் தனி அறை, நல்ல தூக்கம், அவருடைய சாப்பாட்டு நேரம் எல்லாம் உங்கள் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

பத்து மணிக்கு நிறுத்துவது என்றால் தங்குமிடம் முந்தின நாளே பேசியிருக்க வேண்டும். நிறைய லாட்ஜுகளில் பன்னிரண்டுக்கு முன் அறை தர மாட்டார்கள். கூடாரம் வேண்டாம். வறண்ட ஊர்களில் ஏசி இல்லாவிட்டாலும் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இருந்தால் போதும், சென்னையில் உதவாத அந்தப் பெட்டி ஜான்சியிலும் நாக்பூரிலும் அருமையாக வேலை செய்யும். பஞ்சாப், ஹரியானா பகுதியில் குருத்வாராக்களில் சாப்பாடும் பல இடங்களில் தங்க இடமும் கிடைக்கும். தலையை மூடி, காலைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவ ஒரு கை கொடுங்கள். ஏப்ரல் நடுவில் அங்கே கோதுமை அறுவடை நடக்கும். டிராக்டர், டிரெய்லர் எல்லாம் எதிர்ப் பக்கமாகவும் வரும். அதே பருவத்தில் சாயங்காலம் புழுதிப் புயல் எழும். மேற்கில் வானம் பழுப்பாக மாறினால் ஐந்து நிமிடம்தான் அவகாசம், கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம்.

சைக்கிள் பற்றி நீங்கள் ஐந்து மாடல்கள் எழுதி எது சிறந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஐந்துமே போதுமானவை. எந்த மாடல் என்பதை விட, ஆறு சைக்கிளும் ஒரே சக்கர அளவு, ஒரே வால்வு, ஒரே வகை பிரேக் கட்டை, ஒரே செயின் என்று இருப்பதுதான் குழுவுக்கு உதவும். அப்போது ஒரே பை உதிரிச் சாமான் ஆறு பேருக்கும் பொருந்தும். சின்ன ஊர்க் கடைகளில் தடித்த வால்வு உள்ள 26 அங்குல டியூப் கிடைத்துவிடும். மெல்லிய வால்வு உள்ள 700 அளவு டியூப் கிடைப்பது கடினம், எனவே அதைத் தேர்ந்தெடுத்தால் ஆளுக்கு மூன்று கொண்டுபோங்கள். டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். வெயிலில் டியூப் தானாக வெடிக்கும் என்று பலர் பயந்து காற்றைக் குறைத்துவிடுவார்கள். 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கூடும். சரியான அளவு காற்றடித்த நல்ல டயருக்கு அது ஒன்றுமில்லை. காற்றைக் குறைத்தால்தான் பள்ளத்தில் டியூப் நசுங்கிக் கிழியும். நெடுஞ்சாலைப் பஞ்சருக்குப் பெரும்பாலும் வேறு காரணம்: வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மெல்லிய கம்பி. கண்ணுக்கே தெரியாது. பஞ்சர் ஒட்டும்போது டயரின் உள்பக்கம் ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள், கம்பி துணியில் மாட்டும். எடுக்காமல் புது டியூப் போட்டால் இரண்டு கிலோமீட்டரில் அதுவும் போய்விடும்.

பாதையில் நான்கு இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பனிஹால் முதல் உதம்பூர் வரை. மண்சரிவும் ராணுவ வாகன வரிசையும் உள்ள பகுதி. பெரிய சுரங்கங்களில் சைக்கிளை விடுவார்களா என்பதை முந்தின நாளே போக்குவரத்துப் போலீசிடம் கேளுங்கள். விடாவிட்டால் துணை வண்டியில் ஏற்றலாம், அல்லது சென்னானி சுரங்கத்துக்குப் பதில் 2,000 மீட்டர் உயரத்து பட்னிடாப் வழியாகப் பழைய சாலையில் ஏறலாம். இரண்டு, சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவில் பெஞ்ச் காட்டுப் பகுதி. அங்கே புலியும் மற்ற விலங்குகளும் அடியில் கடந்து போவதற்கென்றே நெடுஞ்சாலையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டை விடிந்த பிறகு, சேர்ந்தே கடந்து போங்கள். மூன்று, தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய். தெற்கே வருகிறவர்களுக்கு அது இறக்கம், பிரேக் பிடிக்காத லாரிகளால் நடந்த விபத்துகள் ஏராளம். அதிகாலையில் லாரி குறைவு என்று நினைத்து இருட்டில் இறங்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில், இடைவெளி விட்டு, பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள். நான்காவது கடைசி நாள். பணகுடி தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து மேற்குக் காற்று பாயும். முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். மே நடுவில் தொடங்கி அது வலுக்கும், கேரியரில் பை வைத்த சைக்கிளைச் சாலை நடுவுக்குத் தள்ளிவிடும். வள்ளியூரில் தங்கி, காற்று எழும்புவதற்கு முன் காலையில் முடித்துவிடுங்கள்.

இங்கிருந்து வடக்கே போய்ச் சேர்வதற்கு, கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு பக்கத்துக் கட்ரா வரை வாரம் ஒரு முறை ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கேரளம், கோவை, சேலம் வழியாகத்தான் போகிறது, ஆகவே நீங்கள் ஏறுவதும் சுலபம். சைக்கிளைப் பார்சலில் போட வேண்டும், முந்தின நாளே பார்சல் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கியர் இருக்கும் பக்கம் அட்டை கட்டி, பெயரும் போன் நம்பரும் இரண்டு இடத்தில் எழுதுங்கள். பார்சல் அதே ரயிலில் வராமல் அடுத்ததில் வந்து சேர்வதும் உண்டு, அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மார்ச்சில் ஆறு பேரும் சேர்ந்து, முழுச் சுமையோடு, அடுத்தடுத்து மூன்று நாள் நாளுக்கு 90 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நான்காம் நாள் காலை ஆறு பேரில் எத்தனை பேர் மறுபடி சீட்டில் ஏறத் தயாராக இருக்கிறார்கள் என்று எழுதுங்கள், சித்தப்பாவின் மருத்துவர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். ரயில் டிக்கெட்டை அதற்கப்புறம் போடலாமா என்று பேசுவோம்.